கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பு: மருந்தா, அறுவையா, ஸ்டென்ட்டா?

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு மகள் கேட்டிருந்தார். அவருடைய அப்பாவுக்கு 72 வயது. போன வாரம் காலையில் காபி டம்ளரைப் பிடித்திருந்த வலது கை சட்டென்று தளர்ந்துவிட்டது, பேச்சும் பத்து நிமிடம் குழறியது. பிறகு எல்லாம் தானாகவே சரியாகிவிட்டது. ஸ்கேன் எடுத்தால் இடது கழுத்து ரத்தக்குழாயில் 75 சதவீத அடைப்பு. பல்லடத்தில் விசைத்தறி வைத்திருக்கும் இன்னொருவருக்கு வயது 61. முழு உடல் பரிசோதனைக்குப் போன இடத்தில் அவருக்கும் அதே 75 சதவீதம் தெரிந்திருக்கிறது. இன்றுவரை அவருக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

இரண்டு குடும்பமும் கோவைக்கு வந்து இரண்டு மூன்று டாக்டர்களைப் பார்த்திருக்கின்றன. ஒருவர் அறுவை என்றார், ஒருவர் ஸ்டென்ட் என்றார், இன்னொருவர் மாத்திரையே போதும் என்றார். குழம்பாமல் என்ன செய்வார்கள்? ரிப்போர்ட்டில் எண் ஒன்றாக இருந்தாலும் இவர்கள் இருவருக்கும் சரியான வழி ஒன்றாக இருக்க வாய்ப்பில்லை. எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

எல்லாவற்றுக்கும் முன்னால் வரும் கேள்வி, அந்த அடைப்பு இதுவரை ஏதாவது செய்திருக்கிறதா என்பதுதான். ஒரு பக்கக் கை அல்லது கால் தளர்வது, வாய் கோணுவது, பேச்சு குழறுவது, ஒரு கண்ணில் மட்டும் திரை இறங்கியதுபோல் இருட்டி மீள்வது ஆகியவை அறிகுறிகள். சில நிமிடங்களில் சரியானாலும் கணக்கில் சேரும். பொதுவான தலைசுற்றலும் மயக்கமும் பெரும்பாலும் இந்த அடைப்பால் வருபவை அல்ல. அவற்றை மட்டும் வைத்து அறுவைக்குப் போகாதீர்கள்.

ரத்தம் குறைவாகப் போவதால்தான் பக்கவாதம் வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. போர்த்தண்ணீரில் ஓடும் சொட்டுநீர்க் குழாயில் உப்புப் படிந்தால் மெயின் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். படிந்த உப்பில் ஒரு சில்லு பெயர்ந்து கடைசியில் இருக்கும் டிரிப்பரில் போய் அடைத்துக்கொள்ளும். கழுத்திலும் அப்படித்தான். தாடைக்குக் கீழே ரத்தக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிகின்றன. அந்தப் படிவு வெடித்து, அதன் துணுக்கோ அதன்மேல் உறைந்த ரத்தமோ மூளைக்குப் போய் அடைக்கிறது. ஒருமுறை துணுக்கு போய்விட்டது என்றால் படிவின் மேற்பரப்பு புண்ணாகிவிட்டது என்று பொருள். அடுத்த சில நாட்களிலேயே இன்னொன்று போகும் அபாயம் மிக அதிகம். பல்லடத்துக்காரரின் படிவு அமைதியாக இருக்கிறது, கோபிக்காரருடையது இல்லை.

அடுத்தது சதவீதம். இதை அளக்கும் முறைகளே வேறுபடுகின்றன. ஒரே அடைப்பை ஒரு முறைப்படி 70 என்றும் இன்னொரு முறைப்படி 80க்கு மேல் என்றும் எழுத முடியும். டாப்ளர் ஸ்கேன் எடுப்பவரின் கையைப் பொறுத்தும் எண் மாறும். எனவே ஒரு டாப்ளரை மட்டும் நம்பி முடிவெடுக்காமல் சி.டி. ஆஞ்சியோகிராமிலோ எம்.ஆர். ஆஞ்சியோகிராமிலோ உறுதி செய்துகொள்வது நல்லது. இ.சி.ஜி.யும் பார்க்க வேண்டும். இதயத் துடிப்பு தாறுமாறாக இருந்து அங்கிருந்து ரத்தக்கட்டி போயிருந்தால் கழுத்தைச் சரிசெய்வதில் பலன் இருக்காது.

பிறகு வயது, இதயம், சிறுநீரகம், கழுத்தில் முன்பு ரேடியேஷனோ அறுவையோ நடந்ததா என்பவை. கடைசியாக ஒன்று இருக்கிறது, அதைத்தான் யாரும் கேட்பதில்லை: சிகிச்சை செய்யப்போகும் அந்த டாக்டரின் சொந்தக் கணக்கு. அவரிடம் இந்தச் சிகிச்சை செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு எத்தனை பேருக்கு 30 நாட்களுக்குள் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது? அறிகுறி வந்தவர்களுக்கு அது 6 சதவீதத்துக்குள்ளும், அறிகுறி இல்லாதவர்களுக்கு 3 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க ஏற்கப்பட்ட வரம்பு. அதைத் தாண்டினால், சிகிச்சை தடுக்கும் பக்கவாதத்தைச் சிகிச்சையே கொண்டுவந்துவிடுகிறது.

மருந்து மட்டும்

ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின் அல்லது க்ளோபிடோக்ரெல், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை, ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்து, பீடி சிகரெட்டை அடியோடு விடுவது, தினமும் நடப்பது. அறுவை செய்தாலும் ஸ்டென்ட் வைத்தாலும் இவை அத்தனையும் தொடர வேண்டும். எனவே மற்ற இரண்டு வழிகளும் மருந்துக்கு மாற்று அல்ல, மருந்தோடு சேர்ந்து வருபவை.

அறிகுறி இல்லாதவர்களுக்கு இந்த வழி முன்பைவிட இப்போது வலுவானது. 1995இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மருந்து மட்டும் எடுத்தவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு ஐந்து ஆண்டுகளில் பக்கவாதம் வரும் என்று கணக்கிட்டார்கள். அறுவை செய்தவர்களில் அது 5 பேர். அந்தக் காலத்தில் ஸ்டாட்டின் பரவலாக இல்லை. 2025 நவம்பரில் வெளியான கிரெஸ்ட்-2 ஆய்வில், 70 சதவீதமும் அதற்கு மேலும் அடைப்பு இருந்து அறிகுறி இல்லாதவர்களைத் தீவிர மருந்துச் சிகிச்சையில் வைத்தார்கள். நான்கு ஆண்டுகளில் அவர்களில் 5 முதல் 6 சதவீதம் பேருக்குத்தான் பாதிப்பு (பக்கவாதம், அல்லது தொடக்க நாட்களில் மரணம்) வந்தது. அப்படியானால் நூற்றில் சுமார் 94 பேருக்கு அந்தப் பாதிப்பு வரவில்லை.

ஆனால் அந்த ஆய்வில் மேல் ரத்த அழுத்தத்தை 130க்குக் கீழும், கெட்ட கொழுப்பை 70க்குக் கீழும் வைக்கக் கண்ணும் கருத்துமாகத் தொடர்ந்து பார்த்தார்கள். மருந்து வழியின் மறைந்த செலவு இந்த இடத்தில்தான் இருக்கிறது. "இப்ப நல்லாத்தானுங்க இருக்கறேன்" என்று மூன்றாம் மாதத்தில் மாத்திரையை நிறுத்திவிடும் மனிதருக்கு மருந்து மட்டும் என்ற வழி, சிகிச்சையே இல்லாததற்குச் சமம். ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் 2021 முதல் நடக்கிறது. தோட்டத்துச் சாளையில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு அது பெரிய உதவி. கொழுப்பு மாத்திரையையும் ஆஸ்பிரினையும் விடாமல் வாங்கித் தருவதற்கு வீட்டில் ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து மறுபடி ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் உண்டு.

அறிகுறி வந்து, அடைப்பும் 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மருந்து மட்டும் போதாது. 1991இல் வெளியான வட அமெரிக்க ஆய்வு இதைத் தெளிவாகவே காட்டியது. இரண்டு ஆண்டுகளில் அதே பக்க அடைப்பால் பக்கவாதம் வந்தவர்கள் மருந்துப் பிரிவில் நூற்றுக்கு 26 பேர், அறுவைப் பிரிவில் 9 பேர். அந்த 9 பேரில் அறுவையாலேயே பக்கவாதம் வந்தவர்களும் அடக்கம். 50 முதல் 69 சதவீத அடைப்பில் வேறுபாடு சுருங்கிவிடுகிறது: ஐந்து ஆண்டுகளில் 22க்கு எதிராக 16. பெண்களுக்கு இந்த இடைநிலையில் பலன் இன்னும் குறைவு.

அறுவை

எண்டார்டெரெக்டமி என்று சொல்வார்கள். 1953இல் அமெரிக்காவின் மைக்கேல் டிபேக்கி செய்ததிலிருந்து இது வழக்கில் இருக்கிறது. கழுத்தின் பக்கவாட்டில் கீறி, ரத்தக்குழாயைத் தற்காலிகமாகக் கவ்விப் பிடித்து, திறந்து, படிவை உரித்தெடுத்து, பெரும்பாலும் ஒரு ஒட்டுத்துண்டு வைத்துத் தைக்கிறார்கள். ஒட்டு வைத்தால் பின்னாளில் மறுபடி சுருங்குவது குறைகிறது. கழுத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தும் பண்ணலாம், முழு மயக்கத்திலும் பண்ணலாம். 3,500 பேருக்கு மேல் சேர்த்து 2008இல் வெளியான ஆய்வில் இரண்டுக்கும் முடிவில் பெரிய வித்தியாசம் இல்லை. மயக்க மருந்தை நினைத்துப் பயந்து தள்ளிப்போடுபவர்கள் இதைத் தெரிந்துகொள்ளலாம்.

சிக்கல்களை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எதைத் தடுக்கப் போகிறோமோ அதே பக்கவாதம் அறுவையின்போதே வரலாம். அறுவையையும் ஸ்டென்ட்டையும் ஒப்பிட்டு 2,502 பேரிடம் நடத்திய கிரெஸ்ட் ஆய்வில் (2010) அறுவைப் பிரிவில் அது 2.3 சதவீதம். மாரடைப்பும் 2.3 சதவீதம். கழுத்து வழியாகப் போகும் நரம்புகள் இழுபட்டு நாக்கு ஒரு பக்கம் சாய்வது, உதட்டோரம் தொங்குவது, குரல் கம்முவது, விழுங்கும்போது புரையேறுவது போன்றவை சுமார் 4.7 சதவீதம். பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும். இருந்தாலும் பள்ளி ஆசிரியர், மஞ்சள் மண்டியில் ஏலம் கூறுபவர், கோவிலில் பாடுபவர் போன்றவர்களுக்குக் குரல்தான் பிழைப்பு. டாக்டரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காது மடலிலும் தாடையோரத்திலும் மரத்துப்போவது சாதாரணம். சவரம் செய்யும்போது உணர்வு இல்லாமல் வெட்டிக்கொள்வார்கள்.

இரண்டு சிக்கல்கள் அரிதானவை, ஆனால் ஆபத்தானவை. ஒன்று, அறுவை முடிந்த முதல் சில மணி நேரங்களில் கழுத்தில் ரத்தம் கட்டி மூச்சுக்குழாயை அழுத்துவது. உடனே மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும். இரவிலும் ஆள் இருக்கும் மருத்துவமனைதான் வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். இன்னொன்று, நெடுங்காலம் குறைவான ரத்தத்துக்குப் பழகிய மூளைக்குத் திடீரென முழு வேகத்தில் ரத்தம் பாய்வதால் வருவது. கடும் தலைவலி, வலிப்பு, சிலருக்கு மூளையில் ரத்தக்கசிவுகூட வரலாம். ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதுதான் தடுக்கும் வழி.

ஸ்டென்ட்

தொடையிலிருந்தோ மணிக்கட்டிலிருந்தோ மெல்லிய குழாயைச் செலுத்தி, அடைப்பு இருக்கும் இடத்தில் வலைக்குழலை விரிக்கிறார்கள். துணுக்கு மேலே போகாமல் இருக்கப் பெரும்பாலும் வடிகட்டி வைப்பார்கள். கழுத்தில் தழும்பு இல்லை, நரம்பு பாதிப்பு அநேகமாக இல்லை, முழு மயக்கம் தேவையில்லை. மாரடைப்பு 1.1 சதவீதம், அறுவையில் வந்ததில் பாதி.

இதற்கு விலை என்ன? கிரெஸ்ட்டில் ஸ்டென்ட் பிரிவினருக்கு அந்தச் சமயத்தில் வந்த பக்கவாதம் 4.1 சதவீதம். வயது ஏற ஏற இடைவெளி பெரிதாகிறது. மூன்று ஐரோப்பிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு ஒன்று உண்டு, எல்லோரும் அறிகுறி வந்த நோயாளிகள். 70 வயதுக்குக் கீழே நான்கு மாதத்துக்குள் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது இரண்டு பிரிவிலும் 6 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. 70க்கு மேலே போனால் ஸ்டென்ட்டில் 12, அறுவையில் 5.9. வயதானவர்களின் ரத்தக்குழாய்கள் வளைந்து நெளிந்து, சுண்ணாம்பேறிக் கிடக்கும். கம்பியும் குழாயும் அந்த வழியில் போகும்போதே துணுக்குகள் பெயர்ந்துவிடுகின்றன. "வயசானவருக்கு எதுக்குங்க கத்தி, ஸ்டென்ட்டே வச்சிரலாம்" என்று நம் பக்கத்தில் அடிக்கடி கேட்கிறேன். கேட்க நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் ஆய்வுகள் காட்டுவது அதற்கு எதிர்த்திசை.

ஸ்டென்ட்டை விரிக்கும்போது கழுத்தில் உள்ள அழுத்த உணர்விகள் தூண்டப்பட்டு இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று இறங்கும். சிலருக்கு அது ஓரிரு நாள் நீடிக்கும். ரத்தக்குழாய் படத்தில் தெரியச் செலுத்தும் காண்ட்ராஸ்ட் மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், நெடுநாள் சர்க்கரை உள்ளவர்கள் க்ரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) பார்க்காமல் போகக்கூடாது. ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் சேர்த்துக் குறைந்தது நான்கு வாரம் கட்டாயம். பல் பிடுங்க வேண்டும் என்று அதற்குள் தானாக நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்துவிடும். எஸ்டிமேட்டில் ஸ்டென்ட், வடிகட்டி இரண்டின் விலையும் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.

அறிகுறி இல்லாதவர்களுக்கு ஸ்டென்ட்டின் கணக்கு நன்றாகவே இருக்கிறது. கிரெஸ்ட்-2இல் ஸ்டென்ட்டும் மருந்தும் சேர்ந்த பிரிவில் நான்கு ஆண்டுப் பாதிப்பு 2.8 சதவீதம், மருந்து மட்டும் பிரிவில் 6.0. அறுவையைத் தனியாக ஒப்பிட்டபோது 3.7க்கு 5.3. பின்னதில் வேறுபாடு தற்செயலாகவும் இருந்திருக்கலாம் என்ற அளவுதான். ஸ்டென்ட்டில் கிடைத்த பலனும் நூற்றுக்கு மூன்று பேருக்குத்தான். அங்கே ஸ்டென்ட் வைத்த டாக்டர்கள் கடுமையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். கை தேர்ந்தவர் இல்லாத இடத்தில் அந்த மூன்று பேரின் லாபம் நஷ்டமாக மாற அதிக தூரம் இல்லை.

பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | மருந்து மட்டும் | அறுவை | ஸ்டென்ட் |
|---|---|---|---|
| சிகிச்சைச் சமயத்துப் பக்கவாதம் (கிரெஸ்ட்) | பொருந்தாது | 2.3% | 4.1% |
| அச்சமயத்து மாரடைப்பு | பொருந்தாது | 2.3% | 1.1% |
| நரம்பு பாதிப்பு | இல்லை | சுமார் 4.7% | மிக அரிது |
| இரண்டு ஆண்டில் மறுபடி அடைப்பு | அடைப்பு அப்படியே இருக்கும் | 6.3% | 6.0% |
| சிறுநீரகத்துக்குச் சுமை | இல்லை | குறைவு | காண்ட்ராஸ்ட் உண்டு |
| வாழ்நாள் மாத்திரை | உண்டு | உண்டு | உண்டு, தொடக்கத்தில் இரட்டை மாத்திரை |

மாரடைப்பு வரியையும் பக்கவாத வரியையும் கூட்டிக் கழித்து இரண்டும் சமம் என்று சொல்லிவிடுகிறார்கள். நான் அப்படிப் பார்ப்பதில்லை. கிரெஸ்ட் நோயாளிகளை ஒரு வருடம் கழித்து விசாரித்தபோது, அன்றாட வாழ்க்கையை அதிகம் முடக்கியிருந்தது பக்கவாதம்தான், சிறிய பக்கவாதம்கூட.

யாருக்கு எது

சமீபத்தில் அறிகுறி வந்து 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பு உள்ளவருக்கு, உடல் தாங்கும் என்றால், அறுவைதான் முதல் தேர்வு. வயது 70க்கு மேல் என்றால் இன்னும் உறுதியாகச் சொல்வேன். அதைவிட முக்கியம் நேரம். கடைசி அறிகுறிக்குப் பின் இரண்டு வாரத்துக்குள் ஐந்து பேருக்கு அறுவை செய்தால் ஐந்து ஆண்டுகளில் ஒரு பக்கவாதம் தடுக்கப்படுகிறது. பன்னிரண்டு வாரம் கடந்துவிட்டால் அதே ஒரு பக்கவாதத்தைத் தடுக்க 125 பேருக்குச் செய்ய வேண்டியிருக்கும். ஆடி போகட்டும், மஞ்சள் வெட்டு முடியட்டும், பேத்தி கல்யாணம் ஆகட்டும் என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் அறுவையின் பலனைத் தின்றுவிடுகிறது. கோபி மகளுக்கு என் பதில் இதுதான்: இந்த வாரமே. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு, பனியன் கம்பெனிக்காரர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. இந்தச் சிகிச்சை அந்த மருத்துவமனையில் அதில் சேருமா என்று அட்மிஷன் நாளிலேயே காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். அனுமதி வரவே நாட்கள் ஆகும்.

ஆனால் பெரிய பக்கவாதமே வந்து மூளையில் பெரும்பகுதி பாதிக்கப்பட்டிருந்தால் அவசரம் கூடாது. எப்போது செய்வது என்பதை நரம்பியல் டாக்டர் முடிவு செய்ய வேண்டும்.

கழுத்தில் முன்பே அறுவை நடந்தவர், வாய்ப் புற்றுக்கு ரேடியேஷன் எடுத்தவர், அடைப்பு கத்திக்கு எட்டாத உயரத்தில் இருப்பவர், இதயம் மிகவும் பலவீனமானவர் ஆகியோருக்கு ஸ்டென்ட் நல்லது. புகையிலை மெல்லும் பழக்கம் நம் பக்கத்தில் அதிகம் என்பதால் ரேடியேஷன் எடுத்த கழுத்துகளும் அதிகம்.

அறிகுறி இல்லாதவருக்கு அவசரம் எதுவும் இல்லை. பல்லடத்துக்காரர் முதலில் ஆறு மாதம் மருந்தை ஒழுங்காக எடுத்து, அழுத்தத்தையும் கொழுப்பையும் இறக்கிக் காட்டட்டும், பீடியை விடட்டும். அடைப்பு ஏறிக்கொண்டே போனாலோ, ஸ்கேனில் அவர் அறியாமலே வந்துபோன பழைய பக்கவாதத் தழும்பு தெரிந்தாலோ, அப்போது ஸ்டென்ட்டையோ அறுவையையோ யோசிக்கலாம். இன்னும் ஐந்து ஆண்டாவது நலமாக வாழும் எதிர்பார்ப்பு உள்ளவருக்குத்தான் அதில் அர்த்தம் உண்டு. 85 வயது அப்பாருக்கு, சிறுநீரகமும் இதயமும் தளர்ந்த நிலையில், தற்செயலாகத் தெரிந்த அடைப்பைத் தொடாமல் விடுவதே அவர்மீது காட்டும் அக்கறை.

நூறு சதவீதம் முழுதாக அடைத்துவிட்ட குழாயை வழக்கமாகத் திறப்பதில்லை. அங்கே மருந்துதான்.

டாக்டரிடமும் வீட்டிலும்

அறுவை செய்பவர் அறுவையையும், ஸ்டென்ட் வைப்பவர் ஸ்டென்ட்டையும் பரிந்துரைப்பது இயல்பு. அதில் கெட்ட எண்ணம் இருக்கத் தேவையில்லை. எனவே இரண்டையும் செய்யாத நரம்பியல் டாக்டர் ஒருவரின் கருத்தைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். ஈரோட்டிலிருந்து கோவைக்குச் சுமார் 100 கிலோமீட்டர். சி.டி.யை உள்ளூரிலேயே எடுத்து முடித்துக்கொண்டு போனால் ஒரே நாளில் இரண்டு பேரைப் பார்க்கலாம். கேட்க வேண்டியவை: வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள், 30 நாள் பக்கவாத, மரணக் கணக்கு என்ன, இரவில் சிக்கல் வந்தால் யார் வருவார்கள். கணக்குச் சொல்லத் தயங்கும் இடத்தைவிடச் சொல்லும் இடம் மேல்.

வீடு திரும்பிய முதல் மாதத்தில் தினமும் இருவேளை ரத்த அழுத்தம் பாருங்கள். சிகிச்சை செய்த பக்கத்தில் கடும் தலைவலியோ, கழுத்தில் வீக்கமோ, மூச்சுத்திணறலோ வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முகம் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால் 108ஐ அழையுங்கள். தெரிந்த கிளினிக்கில் நேரத்தைக் கழிக்காமல் சி.டி. ஸ்கேன் உள்ள இடத்துக்கே போகச் சொல்லுங்கள், முதல் நான்கரை மணி நேரம் மிக முக்கியம். சிகிச்சை நடந்த தேதியையும், சாப்பிடும் மாத்திரைகளின் பெயரையும், கடைசியாக நல்லபடியாக இருந்த நேரத்தையும் தாளில் எழுதிக் கூடப் போகிறவர் கையில் கொடுங்கள். அங்கே இருக்கும் டாக்டர் முதலில் கேட்பவை இவைதான்.